ஒன்ராறியோவில் முதல் மோட்டார் படகு: சின்னதா, பெரியதா? வாங்குமுன் செய்ய வேண்டியவை, படிப்படியாக

கோடை நெருங்கினால் யாராவது ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார்: “அண்ணை, இருபது அடி போதுமோ, இல்லாட்டி ஒரேயடியா முப்பது அடியா வாங்கிவிடட்டோ?” அவர் ஏற்கெனவே நாலைந்து விளம்பரங்களைப் பார்த்து முடித்திருப்பார். கட்டில், சின்னக் குசினி, குளியலறை எல்லாம் உள்ள பழைய முப்பதடிப் படகு, புத்தம் புதிய பத்தொன்பது அடிப் படகின் விலைக்கே கிடைக்கிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் படகின் விலை செலவின் தொடக்கம்தான். மீதி அடுத்த ஐந்து வருடத்துக்கும் வந்துகொண்டிருக்கும்.

நான் சின்னது என்று சொல்வது 16 முதல் 20 அடி வரை, பின்பலகையில் வெளியே தொங்குகிற ஒற்றை அவுட்போர்ட் எஞ்சின், வீட்டு முற்றத்தில் ட்ரெயிலரில் நிற்பது. பெரியது என்பது 28 முதல் 32 அடி, உள்ளே கபின், பெரும்பாலும் இரட்டை எஞ்சின், கோடை முழுவதும் மரினாவில், அதாவது படகுத் துறையில், கட்டி நிற்பது. நீளத்தைப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்குதான். எடையில் அப்படியில்லை. நீளம் கூடும்போது அகலமும் உயரமும் சேர்ந்து கூடுகின்றன. 20 அடித் திறந்த படகு 1,400 கிலோ அளவில் இருந்தால், 30 அடிக் கபின் படகு 5,000 கிலோவைத் தாண்டிவிடும். எரிபொருள், பழுது, காற்றில் திருப்புகிற சிரமம் எல்லாம் அந்த எடையோடுதான் போகும், நீளத்தோடு அல்ல.

படி 1: எந்தத் தண்ணீர் என்று முதலில் எழுதிவையுங்கள்

“ஏரியில் ஓட்டப் போகிறேன்” என்பது போதாது. ரொறன்ரோவைச் சுற்றி இருக்கிற மூன்று வகைத் தண்ணீரும் மூன்று விதமானவை.

ஒன்ராறியோ ஏரி ஏறத்தாழ 311 கிலோமீற்றர் நீளம், அகலமான இடத்தில் 85 கிலோமீற்றர். அதிகபட்ச ஆழம் 244 மீற்றர். பெயரில்தான் ஏரி, குணத்தில் கடல். தடையில்லாமல் நீண்ட தூரம் காற்று அடித்தால் அலை வளர்ந்துகொண்டே போகும். கிழக்குக் காற்று ஒரு நாள் முழுவதும் அடித்துவிட்டால், மறுநாள் காற்று ஓய்ந்த பிறகும் ரொறன்ரோப் பக்கம் தண்ணீர் குமுறிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரின் குளிரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் கரையில் டீசேர்ட்டோடு நிற்கிற வெயிலிலும் ஏரி நடுவில் 10 பாகைக்குக் கீழே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில்கூட மேற்குக் காற்று பலமாக அடித்தால், மேலே இருக்கும் சூடான நீர் வடகரையை விட்டு விலகி, அடியில் உள்ள குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்று நீந்திய இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. இந்த ஏரியில் யார் தண்ணீரில் விழுந்தாலும் முதல் எதிரி குளிர்தான். அதனால் உயிர்காப்புச் சட்டை இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். படகு எத்தனை அடி என்பது இதில் எந்த வித்தியாசமும் செய்யாது.

சிம்கோ ஏரி ஆழம் குறைந்த பெரிய ஏரி. பலர் இதை எளிதான தண்ணீர் என்று நினைக்கிறார்கள், அது பிழை. ஆழம் குறைந்த இடத்தில் அலை உயரமாக எழாது, ஆனால் செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி வரும். ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், மூன்றரைக்கு இரண்டடி அலையாகிவிட்டது. பதினெட்டு அடிப் படகில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒவ்வொரு அலையிலும் மூக்கு மேலே ஏறி, “டம்” என்று தண்ணீரில் அடித்து விழுந்தது. முன் இருக்கையில் இருந்த பிள்ளைகளைப் பின்னுக்கு வரச் சொல்லி, வேகத்தை நடை வேகத்துக்குக் குறைத்து, பதினைந்து நிமிடத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தோம். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, முன்னறிவிப்பில் காற்று 15 நொட்டுக்கு (மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர்) மேல் என்றால் சின்னப் படகை நான் இறக்குவதேயில்லை.

கவார்த்தா ஏரிகள் வேறு உலகம். பிஜன், செமொங், ஸ்டோனி என்று தொடுத்துக்கொண்டு போகிற ஒடுக்கமான நீர், தீவுகள், காடு. அலை குறைவு, பாறை அதிகம். ஸ்டோனி ஏரியில் மிதவைக் குறிகளை விட்டு விலகினால் தண்ணீருக்கு அடியில் பாறை காத்திருக்கும். எஞ்சினைத் தூக்கி, ஒரு முழ ஆழத்திலும் தப்பி வருகிற சின்னப் படகுக்கு இங்கேதான் மதிப்பு.

பெரிய படகுக்கு நியாயம் சேர்க்கிற தண்ணீர் ஒன்றும் உண்டு. ட்ரென்டனில் ஒன்ராறியோ ஏரியோடு தொடங்கி, போர்ட் செவர்னில் ஜோர்ஜியன் பேயில் முடிகிற 386 கிலோமீற்றர் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி. மே நடுப்பகுதியில் திறந்து ஒக்டோபரில் மூடுவார்கள். வழி நெடுக லொக்குகள். படகைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். 1904இல் திறந்த பீற்றர்பரோ லிஃப்ட் லொக் இரண்டு பெரிய தொட்டிகளைத் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்குகிறது. படகோடு சேர்த்து உங்களை ஏறத்தாழ 20 மீற்றர் தூக்கும். இரவில் லொக்குக்குப் பக்கத்தில் கட்டி, படகிலேயே சமைத்துத் தூங்கி, ஒரு வாரம் பயணம் போகத்தான் கபின் படகு செய்யப்பட்டது. இப்படிப் போக உண்மையிலேயே விடுமுறை கிடைக்குமென்றால் பெரிய படகைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: ஆட்களையும் நாட்களையும் நேர்மையாக எண்ணுங்கள்

நாட்காட்டியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் முடிவு வரை ஏறத்தாழ பதினெட்டு வார இறுதிகள். அதில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் தேர், பிள்ளைகளின் விளையாட்டு, ஒன்றுகூடல் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். நம்முடைய கொண்டாட்டங்கள் முழுவதும் இந்த நாட்டில் ஜூலை, ஆகஸ்டுக்குள்தான் நெரிபடுகின்றன. மழை, காற்று என்று இன்னும் நாலைக் கழியுங்கள். மிஞ்சுவது எட்டோ ஒன்பதோதான்.

எட்டு நாள் பகல் பயணத்துக்கு மரினாவில் இடம் பிடித்து, கபின் படகு வைத்திருப்பது வீண் செலவு. அதே எட்டு நாளும் இரவு தங்கிப் போகிற நாட்கள் என்றால் கணக்கு மாறிவிடும்.

பிறகு ஆட்கள். நமது வீடுகளில் “நாங்கள் நாலு பேர்தான்” என்று தொடங்கி, மாமா குடும்பம், அம்மம்மா, பிள்ளைகளின் சிநேகிதர் என்று பதினொரு பேர் புரியாணிச் சட்டியோடு வந்து நிற்பார்கள். 6 மீற்றர் வரையான படகுகளில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ, எஞ்சின் எவ்வளவு வலு வரை என்று ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதில் 7 பேர் என்று இருந்தால், நல்ல காலநிலையில் அதிகபட்சம் ஏழு பேர் என்று அர்த்தம். அது தாராளமான எண் அல்ல. நான் ஒன்று இரண்டு குறைத்துத்தான் ஏற்றுவேன். விருந்தாளியைக் கரையில் விட்டுவிட்டுப் போக மனம் வராதவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாக இருக்கப் பழகத்தான் வேண்டும்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் பல குடும்பங்களில் முடிவையே மாற்றுகிற விஷயம் கழிவறை. சின்னப் படகில் கிடையாது. இளையவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். நீரிழிவு உள்ள அப்பாவும், முழங்கால் நோகிற அம்மாவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரமாட்டார்கள், ஏனென்று சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் போவது உங்களுக்குச் சரியில்லை என்றால், கழிவறை உள்ள படகைத்தான் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விடச் சட்டம் அனுமதிக்காது. தொட்டியில் சேர்த்து, மரினாவில் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும்.

படி 3: வாசலில் நிற்கும் வாகனத்தைப் பாருங்கள்

சின்னப் படகு வாங்குகிறவர்கள் பிழை விடுகிற இடம் இது. விளம்பரத்தில் 1,400 கிலோ என்று போட்டிருப்பது வெறும் படகு. அதோடு 150 லீற்றர் பெற்றோல் 110 கிலோ, ட்ரெயிலர் 400 கிலோவுக்கு மேல், நங்கூரம், பெட்டி, கயிறு, தண்ணீர் என்று கூட்டினால் 2,000 கிலோவைத் தாண்டும். நம்மிடம் அதிகம் இருக்கிற மினிவான்கள் பெரும்பாலும் 3,500 இறாத்தல், அதாவது 1,590 கிலோ வரைதான் இழுக்கும். கொக்கி பூட்ட முடிகிறது என்பதற்காக இழுத்துவிட முடியாது. சமதரையில் பரவாயில்லை என்று தோன்றும். ஈரமான சரிவில் படகை மேலே இழுக்கும்போதும், நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும்தான் குறை தெரியவரும். மினிவான்தான் உண்டு என்றால் 16 அடி அலுமினியப் படகோடு நின்றுகொள்ளுங்கள். 20 அடிக்கு 5,000 இறாத்தலாவது இழுக்கிற வாகனம் தேவை. ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் ட்ரெயிலருக்கே பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி.

பெரிய படகுக்கு இந்தக் கவலையே இல்லை, ஏனென்றால் அதை நீங்கள் இழுக்கப் போவதில்லை. முப்பதடிப் படகின் அகலம் பத்தடி அளவில் வரும். தெருவில் அனுமதி இல்லாமல் போகக்கூடிய 2.6 மீற்றரை அது தாண்டிவிடும். வசந்தத்தில் பாரந்தூக்கி இறக்கும், இலையுதிர்காலத்தில் தூக்கும், இரண்டுக்கும் கட்டணம். இந்த மாதம் ஒன்ராறியோ ஏரி, அடுத்த மாதம் ஸ்டோனி என்று மாறி மாறிப் போகும் சுதந்திரம் சின்னப் படகுக்குத்தான் உண்டு. படகை வேறு ஏரிக்கு எடுத்துப் போகும்போது அடித்தக்கையைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டியிருக்கும் செடி, சிப்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். 2022 முதல் இங்கே அது சட்டம். அந்தத் தக்கையைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். நான் அதை வாகனச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். சாவியைத் தொடும்போது கையில் தட்டுப்படும்.

படி 4: ஒரு பயணத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

பெற்றோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒவ்வொரு 100 குதிரைவலுவுக்கும் மணிக்கு ஏறத்தாழ 38 லீற்றர் குடிக்கும். படகுக்காரர்கள் கையில் வைத்திருக்கிற பழைய கணக்கு இது. வழக்கமான பயண வேகத்தில் அதில் பாதி அளவு என்று வையுங்கள். 115 குதிரைவலு என்றால் மணிக்கு இருபது சொச்ச லீற்றர். இரண்டு 300 என்றால் நூறுக்கு மேல்.

பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் பேயிலிருந்து ரொறன்ரோத் தீவுகள் வரை சுமார் 30 கிலோமீற்றர். போய்வர 60. சின்னப் படகுக்கு ஏறத்தாழ 35 லீற்றர் போதும். பெரியதுக்கு 150 லீற்றர் அளவில் வேண்டும். மரினாவில் பெற்றோல் விலை தெருவோர நிலையத்தைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய படகு வாங்கிய பலர் இரண்டாம் வருடத்தில் கட்டின இடத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்கு இதுதான் காரணம்.

எந்தப் படகானாலும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இதை மீறவே கூடாது.

மரினாக் கட்டணத்தைப் பெரும்பாலும் அடிக்கணக்கில்தான் போடுவார்கள். காப்புறுதி, பழுது, சேமிப்பு எல்லாம் சேர்த்து வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய பெரிய படகுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது மலிவாக வந்தாலும் அதன் எஞ்சின் பாகங்கள் மலிவாக வராது. புதிதாக அதன் விலை எவ்வளவு இருந்திருக்குமோ அதை வைத்து யோசியுங்கள்.

படி 5: குளிர்காலம்

தண்ணீர் உறைந்தால் விரியும். எஞ்சினுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சியிருந்தாலும் இரும்பை வெடிக்க வைத்துவிடும். அவுட்போர்ட்டை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். எண்ணெயை மாற்றி, எரிபொருளுக்கு மருந்து ஊற்றி மூடிவிடலாம். கொஞ்சம் பழகினால் அரை நாள் வேலை.

உள்ளே எஞ்சின் உள்ள படகில் ஏரித் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே ஓடிக் குளிர்விக்கும். அதை ஒவ்வொரு மூலையிலும் வடித்து, உறையாத திரவம் நிரப்ப வேண்டும். இரட்டை எஞ்சினென்றால் இரண்டு தடவை. அதோடு குடிநீர்க் குழாய், சுடுநீர்த் தொட்டி, கழிவறை, குளிரூட்டி. ஒன்றை மறந்தாலும் மே மாதத்தில் தெரியும். எஞ்சின் உள்ளேயும், விசிறியைச் சுழற்றுகிற பகுதி பின்பலகைக்கு வெளியேயும் இருக்கிற ஸ்டெர்ன் ட்ரைவ் படகென்றால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற ரப்பர் உறைகளைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அது கிழிந்தால் படகு கட்டின இடத்திலேயே தாழும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, முதல் படகுக்கு அவுட்போர்ட் என்று நான் அடித்துச் சொல்வேன்.

படி 6: சட்டமும் கைப்பழக்கமும்

கனடாவில் மோட்டார் படகு ஓட்ட எல்லோருக்கும் இயக்குநர் அட்டை வேண்டும். ஒரு தடவை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் எஞ்சின் உள்ள படகுக்கு உரிம எண்ணும் வேண்டும். கவனியுங்கள், 16 அடிக்கும் 32 அடிக்கும் அதே அட்டைதான். சட்டம் வேறுபாடு பார்க்காது, ஆனால் காற்று பார்க்கும். 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் 40 குதிரைவலு வரைதான் ஓட்டலாம். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க விருப்பம் என்றால் சின்னப் படகுக்கு அதுவும் ஒரு நியாயம்.

டொக்கில் கட்டும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முகத்தில் அடிக்கும். சின்னப் படகு கோணலாக வந்தால் ஒருவர் கையை நீட்டிப் பிடித்து நிறுத்திவிடலாம். ஐந்து தொன் படகை மனிதக் கையோ காலோ நிறுத்தாது. காலைக் குறுக்கே வைப்பவருக்கு எலும்பு மிஞ்சாது. உயரமான கபின் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். அதேநேரம், இரட்டை எஞ்சினில் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால் நின்ற இடத்திலேயே திரும்பும். பழகியவருக்கு அது பெரிய உதவி. பழக ஒரு கோடை வேண்டும்.

உள்ளே பெற்றோல் எஞ்சின் உள்ள படகில், ஸ்டார்ட் செய்யுமுன் நான்கு நிமிடம் காற்றோட்டி ஓட வேண்டும். தேங்கிய பெற்றோல் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். கபினில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் யாரையும் தூங்க விடாதீர்கள்.

மது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமான படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் உள்ள படகில், அதுவும் நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போதுதான் குடிக்கச் சட்டம் இடம் தருகிறது. திறந்த சின்னப் படகில் ஒரு பியர்கூடக் கூடாது. குடித்துவிட்டுப் படகு ஓட்டிப் பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமமும் போய்விடும்.

படி 7: நடுவில் உள்ளவற்றையும் பாருங்கள்

பெரிய குடும்பம், அமைதியான ஏரி, முதியவர்கள் என்றால் நீளமான மிதவைக் குழாய்களின் மேல் நிற்கிற 22 அடி பொன்டூன் படகைப் பாருங்கள். தட்டையான தளம், கதவு திறந்து நடந்தே ஏறலாம், பத்துப் பேர் வசதியாக உட்காரலாம். கவார்த்தாவுக்கு அற்புதம், ஒன்ராறியோ ஏரியின் திறந்த நீருக்கு வேண்டாம். 24 அடிச் சிறு கபின் படகு எட்டரை அடி அகலத்துக்குள் வரும், ட்ரெயிலரில் போகும், ஒரு சின்னக் கழிவறையும் இருக்கும். ஆனால் இழுக்க நல்ல ட்றக் வேண்டும்.

படி 8: தட்டிப் பாருங்கள்

பழைய படகென்றால் பிளாஸ்டிக் தலை உள்ள சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுபோங்கள். எஞ்சின் தொங்குகிற பின்பலகையில் தொடங்கி, ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் “டக், டக்” என்று இறுக்கமாகக் கேட்கும். உள்ளே மரம் ஊறியிருந்தால் “தொப்” என்று செத்த சத்தம் வரும். முற்றிய தேங்காயையும் அழுகலையும் தட்டி அறிகிற காதுக்கு இது புதிதல்ல. பிறகு அவுட்போர்ட்டின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். எஞ்சினோடு பின்பலகையும் வளைந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

முப்பதடிக்கு உங்கள் காதை மட்டும் நம்பாதீர்கள். படகு மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே காசு கொடுத்துப் பிடியுங்கள். விற்பவர் கொண்டுவருகிற ஆள் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடியைப் பார்க்கவேண்டும், எஞ்சின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பவேண்டும். பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் எப்படியும் அந்த அறிக்கையைக் கேட்கும்.

படி 9: குடும்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்

வாங்குமுன் ஒரு கோடையில் இரண்டு தடவையாவது வாடகைக்கு எடுங்கள். ஒரு நாள் சின்னத் திறந்த படகு. கபின் வாழ்க்கை பிடிக்குமா என்று பார்க்க, கவார்த்தாவில் ஒரு வார இறுதிக்கு வீட்டுப்படகு. இரவு கொசுவும் மழையும் ஒடுக்கமான கட்டிலும் சேர்ந்த பிறகும் பிள்ளைகள் இன்னொரு நாள் நிற்போம் என்றால், அது நம்பக்கூடிய பதில்.

விற்பவரின் படகை ஓட்டிப் பார்க்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக வரப்போகிற அத்தனை பேரையும் ஏற்றுங்கள். எடை ஏறிய பிறகு படகு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் மேல் எழுந்து ஓடுகிறது என்று பாருங்கள். கொஞ்சம் காற்றுள்ள பிற்பகலாகப் பார்த்து, அலைக்கு நேராகவும் குறுக்காகவும் ஓட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நீங்களே டொக்கில் கட்டுங்கள். அதன் பிறகு அம்மம்மாவை யாரும் தூக்காமல் இறங்கி, மறுபடி ஏறச் சொல்லுங்கள். அவருடைய கை எதைப் பிடிக்கிறது, கால் எங்கே தயங்குகிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.